நர்ஸ் பார்த்தவர், டாக்டர் பார்த்தவர்: நோயாளியின் மனநிறைவைச் சரியாகக் கேட்டறிவது எப்படி?

காரைக்குடியைச் சுற்றியுள்ள எந்த ஊரிலும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, வெளியே வரும் பெரியவரிடம் "கவனிப்பு எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் பாத்தாக" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். நர்ஸ் பார்த்திருந்தாலும் அதே பதில். டாக்டர் பார்த்திருந்தாலும் அதே பதில். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்லாத மனிதர்கள், மருந்து கொடுத்த கையையும் குறை சொல்வதில்லை. மாதந்தோறும் அதே மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டியவர்கள் என்பதால், குறை இருந்தாலும் சொல்லத் தயங்குகிறார்கள்.

நர்ஸிங் மாணவிகளின் ஆய்வுகளுக்கு வழிகாட்டத் தொடங்கிய காலத்தில் நானும் இந்தத் தவற்றைச் செய்தேன். மாணவிகளைச் சீருடையிலேயே ஓர் ஆஸ்பத்திரியின் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, நர்ஸ் பார்த்த நோயாளிகளையும் டாக்டர் பார்த்த நோயாளிகளையும் தனித்தனியாகக் கேட்கச் சொன்னேன். ஏறத்தாழ எல்லாத் தாள்களிலும் எல்லாக் கேள்விகளுக்கும் முழு மதிப்பெண் வந்திருந்தது. இரண்டு கட்டுகளையும் மேசையில் வைத்தபோது எது எந்தக் கட்டு என்றே பிரித்தறிய முடியவில்லை. பல வாரங்களின் உழைப்பு அப்படி வீணானது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவற்றை, இத்தகைய ஆய்வைத் தொடங்கும் மாணவிகளுக்காகவும், சிறு ஆஸ்பத்திரிகளையும் அறக்கட்டளை மருத்துவமனைகளையும் நடத்துவோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

எதை எதனோடு ஒப்பிடுகிறோம்?

முதலில், நர்ஸ் நடத்தும் சிகிச்சை என்று எதைச் சொல்கிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் கூடுதல் தகுதி பெற்ற நர்ஸ்கள் தாங்களே மருந்து எழுதித் தருகிறார்கள். நம்மிடம் பெரும்பாலும் டாக்டர் ஒருமுறை பார்த்து மருந்தை முடிவு செய்கிறார். அதற்குப் பிறகு மாதாமாதம் பிரஷரும் சுகரும் பார்த்துக் குறிப்பது, மாத்திரையைத் தொடர்ந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, உணவைப் பற்றிச் சொல்வது, நிலைமை மீறினால் டாக்டரிடம் அனுப்புவது ஆகியவை நர்ஸின் பொறுப்பில் நடக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகப்பிரசவம் பார்ப்பதும் பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்களே. ஆகவே வெளிநாட்டு ஆய்வின் தலைப்பை அப்படியே எடுத்து நம் ஊர் ஆய்வுக்குச் சூட்டினால், தொடக்கத்திலேயே வழி தவறிவிடும்.

ஒப்பிடும் இரு தரப்பு நோயாளிகளும் ஒரே வகையினராக இருக்க வேண்டும். காய்ச்சலோடு புதிதாக வந்து டாக்டரைப் பார்த்தவரையும், மூன்று வருடமாகப் பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு நர்ஸைப் பார்ப்பவரையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. கட்டுக்குள் வராத நோயாளிகளை நர்ஸே டாக்டரிடம் அனுப்பிவிடுவதால், டாக்டரின் மேசைக்கு முன்னால் அலுத்தவர்களும் பயந்தவர்களும் கூடுதலாகச் சேர்கிறார்கள். அந்த அலுப்பை டாக்டரின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்குத் தொடர் சிகிச்சையில் இருப்பவர்கள், குறைந்தது ஆறு மாதமாக மருந்து எடுப்பவர்கள், கடந்த வருகையில் மருந்து மாற்றப்படாதவர்கள் என்று எல்லை வகுத்துக்கொண்டால் ஒப்பீடு ஓரளவு சமமாகும்.

இன்னொரு சிக்கல் பேச்சுவழக்கில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலரையும் ஊரில் "நர்ஸம்மா" என்றுதான் அழைக்கிறார்கள். அதே திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென்று உண்மையான நர்ஸும் வருகிறார். இயன்முறைச் சிகிச்சையாளரும் வருகிறார். ஆண் நர்ஸை "டாக்டர் தம்பி" என்பதும், இளம் பெண் டாக்டரைச் "சிஸ்டர்" என்பதும் அன்றாடம் கேட்கிற பேச்சு. ஆகவே "உங்களைப் பார்த்தது யார்?" என்று நோயாளியிடம் கேட்டு அந்தப் பதிலை நம்பிவிடாமல், அவர் கையிலுள்ள நோட்டையும் நிலையத்தின் பதிவேட்டையும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெளியே கண்டறிந்தது என்ன?

இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தொகுப்பு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வு. முதல்நிலை மருத்துவத்தில் டாக்டருக்குப் பதிலாக நர்ஸ் பார்த்தால் என்ன ஆகிறது என்று 18 ஆய்வுகளை அது சேர்த்துப் பார்த்தது. நோயாளியின் மனநிறைவு நர்ஸ் தரப்பில் சற்றுக் கூடுதலாக இருந்தது. நர்ஸ் ஒருவரோடு செலவிட்ட நேரமும் கூடுதலாக இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்து 2000இல் வெளியான ஓர் ஆய்வில், நர்ஸ் ஒரு நோயாளியோடு சராசரியாக 11.57 நிமிடமும் பொது மருத்துவர் 7.28 நிமிடமும் செலவிட்டிருந்தார்கள். நேர வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் நர்ஸைப் பார்த்தவர்களின் நிறைவே சற்று மேலாக இருந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். உட்கார வைத்துப் பேசிய நேரம் ஒரு காரணம். பேசிய விதம் இன்னொரு காரணமாக இருக்கலாம்.

அதே 2000இல் நியூயார்க்கிலிருந்து வெளிவந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. நர்ஸுக்கும் டாக்டருக்கும் ஒரே அதிகாரம், ஒரே பொறுப்பு என்று வைத்து 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தபோது, முதல் வருகைக்குப் பிறகு மனநிறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து ஓர் அம்சத்தில் மட்டும் டாக்டருக்கு 5க்கு 4.2, நர்ஸுக்கு 4.1 என்று சிறு வேறுபாடு வந்தது. இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தே ஆக வேண்டும் என்பதே. உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் ஒருவர் குறிக்க வேண்டும். காத்திருந்த நேரத்தை இதிலிருந்து பிரித்துத் தனியாக எழுத வேண்டும். சீட்டு வாங்கும் வரிசையிலும் மருந்து வாங்கும் வரிசையிலும் நின்ற கோபம், நர்ஸுக்கும் உரியதன்று, டாக்டருக்கும் உரியதன்று.

கேள்வியை எப்படி எழுதுவது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படியுங்கள். "திருப்தியா?" என்று கேட்காதீர்கள், "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். நிறைவு என்பது கருத்து. கருத்தைச் சொல்ல மரியாதையும் பயமும் குறுக்கே நிற்கும். நடந்ததைச் சொல்ல அவ்வளவு தடை இல்லை.

"மரியாதையாக நடத்தினார்களா?" என்பதற்கு எல்லாரும் ஆமாம் என்பார்கள். "உட்காரச் சொன்னார்களா? உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்?" என்று கேட்டால், "ஆச்சின்னு கூப்பிட்டுச்சு அந்தப் பிள்ளை" என்றோ, "டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டாக" என்றோ பதில் வரும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் நீங்கள் தேடுகிற அளவு. "நன்றாகப் பரிசோதித்தார்களா?" என்பதை விட்டுவிட்டு, "செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்தார்களா?" என்று சர்க்கரை நோயாளியிடம் கேளுங்கள். "விளக்கிச் சொன்னார்களா?" என்பதற்குப் பதிலாக, "எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று சொன்னார்களா? உங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்களா?" என்று கேளுங்கள்.

உணவைப் பற்றிய கேள்வி இந்தப் பகுதிக்கென்றே எழுதப்பட வேண்டும். "அரிசியைக் குறையுங்கள்" என்ற அறிவுரை எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் விசேஷத்துக்கு விசேஷம் இலையில் விழுகிற வீட்டில், "விசேஷ வீட்டுக்குப் போனால் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று யாராவது பேசினார்களா?" என்று கேட்டால்தான், சொல்லப்பட்ட அறிவுரை அந்த வீட்டுச் சமையலறை வரை வந்ததா என்பது தெரியும். என் அனுபவத்தில் நர்ஸுக்கும் டாக்டருக்கும் வேறுபாடு தெளிவாகத் தெரிவது இந்தக் கேள்வியில்தான். உள்ளூரிலிருந்து வந்து வேலை செய்கிற நர்ஸ் இதைப் பேசிவிடுகிறார். எழுபது பேர் வரிசையில் நிற்கையில் டாக்டரால் பேச முடிவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிக்கும் கேள்வி ஒன்று உண்டு: "கேட்க வேண்டும் என்று நினைத்துப் போய், கேட்காமலே வந்தது ஏதாவது உண்டா?" இதற்கு வரும் பதில்களை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், சுருக்காதீர்கள்.

ஆங்கிலக் கேள்வித்தாள்களில், எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று சொல்லிப் போவதைத் தடுக்க, சில வாக்கியங்களை எதிர்மறையாக எழுதுவது வழக்கம். தமிழில் இது பெரியவர்களைக் குழப்புகிறது. "எனக்கு விளக்கிச் சொல்லவில்லை: ஏற்கிறீர்களா?" என்று படித்துக் காட்டினால், "இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது, விளக்கவில்லை என்கிறாரா, ஏற்கவில்லை என்கிறாரா என்று தெரியாது. எதிர்மறை வாக்கியங்களை நீக்கிவிட்டு நேரான சிறு கேள்விகளாகவே வையுங்கள். "நர்ஸும் டாக்டரும் அன்பாகவும் பொறுமையாகவும் நடந்துகொண்டார்களா?" என்று நான்கு விஷயங்களை ஒரே கேள்வியில் அடைப்பதும் கூடாது. பிறர் உருவாக்கிய கேள்வித்தாளைப் பயன்படுத்துவதாக இருந்தால், ஒருவர் தமிழாக்கி, அதைப் பார்க்காத இன்னொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட்ட பிறகே அச்சிடுங்கள்.

அளவுகோலைப் பற்றி ஒரு சொல். "மிகவும் ஏற்கிறேன், ஏற்கிறேன், நடுநிலை" என்று ஐந்து படிகளை வாய்விட்டுப் படித்தால், மூன்றாவது படிக்குள் பெரியவரின் கவனம் தெருவுக்குப் போய்விடும். நாங்கள் ஐந்து புளியங்கொட்டைகளைத் திண்ணையில் வரிசையாக வைத்து, "முழுசாச் சரின்னா அஞ்சையும் எங்க பக்கம் தள்ளிவிடுங்க ஆச்சி, குறைன்னா குறையிற அளவுக்கு உங்க பக்கம் நிறுத்திக்கங்க" என்று சொல்லிப் பழக்கினோம். பல்லாங்குழி ஆடிய கைகள் என்பதால் தயக்கமில்லாமல் நகர்த்தின. கண்டனூரில் ஒரு மூதாட்டி நான்கைத் தள்ளிவிட்டு, ஐந்தாவதன் மேல் விரலை வைத்தபடி நெடுநேரம் இருந்தார். பிறகு அதைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். வாயால் கேட்டிருந்தால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார். எதற்காக அந்த ஒன்றை நிறுத்திக்கொண்டீர்கள் என்று கேட்டபோது, "அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான் ஆத்தா. என் காலைப் பாக்கச் சொல்லலாமுன்னு இருந்தேன், அதுக்குள்ள அடுத்தவுகளைக் கூப்பிட்டுட்டாக" என்றார். கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது.

யார் கேட்பது, எங்கே, எப்போது?

ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் கேட்காதீர்கள். வருகைக்கு மூன்று நாள் கழித்து, இரண்டு வாரத்துக்குள் வீட்டுக்குச் சென்று கேளுங்கள். அதற்குள் மருந்து ஒத்துக்கொண்டதா என்பது தெரிந்திருக்கும்; நடந்ததும் மறந்திருக்காது. கேட்பவர் அந்த நிலையத்தில் வேலை செய்பவராக இருக்கக் கூடாது. வெள்ளைக் கோட்டும் சீருடையும் கூடாது. நர்ஸிங் மாணவி நர்ஸைப் பற்றிக் கேட்டால் நோயாளி நர்ஸைப் புகழ்வார் என்பதால், கேட்பவர்களில் பாதிப் பேரையாவது வேறு படிப்பிலிருந்து எடுங்கள். காரைக்குடியிலேயே சமூகப்பணி படிப்பவர்கள் கிடைப்பார்கள்.

செட்டிநாட்டு ஊர்களுக்கென்று ஒரு தனி நிலைமை உண்டு. முகப்பும் வளவுமாக நீண்டு கிடக்கும் வீடுகளில் முதியவர் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். மாத்திரையை முடிவு செய்வதில் அந்தத் தொலைபேசிக் குரலுக்கும் பங்கு இருக்கிறது. "நர்ஸ் பார்த்தா போதாதும்மா, டாக்டரைப் பாருங்க" என்று மகன் சொல்லியிருந்தால், அந்த அம்மாவின் நிறைவு நர்ஸின் கவனிப்பை மட்டும் காட்டாது. "இதைப் பற்றி வீட்டில் யாரிடமாவது பேசினீர்களா? அவர்கள் என்ன சொன்னார்கள்?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லித் தருகிற உறவினர் இருந்தால், பதிலை ஏற்றுக்கொண்டு தாளின் ஓரத்தில் அதைக் குறித்துவிடுங்கள். அவரை விரட்டுவது நல்ல பழக்கம் ஆகாது. பெண் நோயாளியைப் பெண்ணே கேட்பது நல்லது.

பெயர்களை வரிசையில் நிற்பவர்களிடமிருந்து எடுக்காமல், பதிவேட்டிலிருந்து எடுங்கள். நிறைவில்லாதவர் அடுத்த மாதம் வரிசையிலேயே இருக்க மாட்டார். அவர் காரைக்குடியில் ஏதாவது தனியார் கிளினிக்குக்கோ, பஸ் ஏறி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ போயிருப்பார். வராமல் போனவர்களையும் தேடிப் போய்க் கேட்காத ஆய்வு, தங்கிவிட்டவர்களின் நல்ல சொல்லை மட்டும் சேகரிக்கும்.

எத்தனை பேர்?

ஒரு தரப்பில் நூற்றுக்கு 70 பேரும் மறு தரப்பில் 85 பேரும் நிறைவு என்று சொல்லக்கூடும் என எதிர்பார்த்தால், வழக்கமான 5 சதவீதப் பிழை வரம்பிலும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 80 சதவீதக் கண்டறியும் திறனிலும் (உண்மையில் இருக்கும் வேறுபாட்டைப் பிடித்துவிடும் வாய்ப்பு) தரப்புக்கு ஏறத்தாழ 120 பேர் வேண்டும். எதிர்பார்க்கும் வேறுபாடு 70க்கும் 80க்கும் இடைப்பட்டதாக இருந்தால், தரப்புக்கு ஏறத்தாழ 295 பேர் தேவை. வீடு பூட்டிக் கிடப்பதையும் மறுப்பவர்களையும் எண்ணி இதோடு கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் இத்தனை பேரையும் ஒரே நர்ஸும் ஒரே டாக்டரும் பார்த்திருந்தால், நீங்கள் ஒப்பிட்டது இரண்டு மனிதர்களை மட்டுமே. இரண்டு முறைகளை அல்ல. சாக்கோட்டை, கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் என்று பல இடங்களிலிருந்தும், இடத்துக்குச் சில நர்ஸ்கள், சில டாக்டர்கள் என்றும் எடுத்தால்தான் முடிவு நிற்கும். ஒரே நர்ஸிடம் வந்தவர்களின் பதில்கள் ஒன்றுபோல இருக்கும் என்பதால், கணக்கிடும்போது புள்ளியியல் தெரிந்தவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். நர்ஸ்களில் ஏறத்தாழ எல்லாரும் பெண்கள். டாக்டர்களில் ஆணும் பெண்ணும் உண்டு. பார்த்தவர் ஆணா பெண்ணா என்பதைப் பதிவு செய்யாவிட்டால், பெண் நோயாளி ஒரு பெண்ணிடம் பேசிய நிம்மதி, நர்ஸ் முறையின் வெற்றியாக எழுதப்பட்டுவிடும்.

ஆய்வைத் தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள் இதற்கு அடிப்படை. ஒப்புதல் தாளை வாசித்துக் காட்டும்போது, "நீங்க என்ன சொன்னாலும் மாத்திரை நிக்காது, சொல்ல விருப்பமில்லைன்னாலும் நிக்காது" என்பதை முதல் வரியாக வையுங்கள். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும்.

பதில்களை எப்படிப் படிப்பது?

சராசரியை மட்டும் வெளியிடாதீர்கள். 4.6, 4.5 என்ற எண்களுக்கு அடியில் உண்மை ஒளிந்திருக்கும். ஐந்து கொட்டையையும் தள்ளியவர் எத்தனை பேர், ஒன்றையாவது நிறுத்திக்கொண்டவர் எத்தனை பேர் என்று பிரித்துக் காட்டுங்கள். அதை நடந்தவற்றோடு பொருத்துங்கள்: பாதம் பார்க்கப்பட்டவர்களில் எத்தனை பேர் ஐந்தும் தள்ளினார்கள், பார்க்கப்படாதவர்களில் எத்தனை பேர்? இந்தப் பொருத்தத்தில் பல வேளைகளில் நர்ஸா டாக்டரா என்ற வேறுபாடே மங்கி, பாதம் பார்த்தார்களா, திருப்பிச் சொல்லச் சொன்னார்களா என்பவை முன்னுக்கு வரும். ஆய்வின் பயனுள்ள முடிவு அதுவாகவே இருக்கக்கூடும். அதை மறைக்காமல் எழுதுங்கள்.

நிறைவும் நலமும் ஒன்றல்ல என்பதால், நோட்டிலுள்ள பிரஷர் அளவும் முந்தைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவும் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். இனிக்கப் பேசி அனுப்பிய இடத்தில் பிரஷர் 140/90க்கு மேலேயே நின்றுகொண்டிருந்தால், அந்த நிறைவு நோயாளிக்கு உதவவில்லை. கண்டிப்பாகப் பேசியதால் ஒரு கொட்டையை இழந்த டாக்டரின் நோயாளிக்குச் சர்க்கரை இறங்கியிருந்தால், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முடிவுகளை முதலில் நர்ஸ்களையும் டாக்டர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். தனிப்பெயர் வேண்டாம். யாரை எங்கே மாற்றுவது என்பதற்கு இந்தத் தாள்கள் பயன்படுத்தப்படும் என்ற சந்தேகம் வந்துவிட்டால், அடுத்த ஆய்வுக்கு ஒரு நிலையமும் பதிவேட்டைத் திறக்காது. கேட்க நினைத்துக் கேட்காமல் வந்த கேள்விகளின் பட்டியலை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, பிரஷர் பார்க்கும் மேசையில் நர்ஸின் கண்ணில் படும்படி ஒட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக ஓர் ஏற்பாடு: இதை ஆய்வு தொடங்கும் முன்பே செய்து முடியுங்கள். வீடு வீடாகப் போகும்போது ஆறாத புண்ணையும், மூன்று வாரமாக மாத்திரை நின்றுபோனவரையும், மயக்கம் வந்து விழுந்ததை யாரிடமும் சொல்லாதவரையும் பார்ப்பீர்கள். கேள்வித்தாளை மூடிவிட்டு வந்துவிட முடியாது. ஒவ்வொரு ஊருக்கும் எந்த நர்ஸிடம் சொல்வது, எந்த டாக்டரிடம் அனுப்புவது, இரவானால் 108ஐ யார் அழைப்பது என்று எழுதிய அட்டை கேட்பவரின் பையில் இருக்க வேண்டும். கண்டனூர் மூதாட்டியின் வீட்டுத் திண்ணையிலிருந்தே, அவர் சம்மதத்தோடு, அந்த நர்ஸுக்கு நாங்கள் தொலைபேசியில் சொன்னோம். மறுநாள் காலை அவரே வந்து துணியைப் பிரித்துப் பார்த்தார். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனார்.